வாக்கியமும் கரணமும்: வாய்பாட்டுப் பிழைகள் திருந்திய வரலாறு

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, சந்திர கிரகணம் காணும் பொருட்டுச் சுங்கை சிப்புட்டில் நண்பர் ஒருவர் இல்லத்து வாயிலில் நாம் அமர்ந்திருந்தோம். அவ்வில்லத்துப் பெரியவர் மடிமீது ஒரு பழைய கணக்குப் புத்தகம் இருந்தது. அவர் தகப்பனார் 1950களில் தோட்டத்துக் கிராணியாயிருந்தபோது தம் கைப்பட எழுதி வைத்தது அது. பெரட்டுக் கணக்கு, பால் நிறை, கடைக்காரன் பாக்கி, பிள்ளைகள் பிறந்த நாள் என்று பலவும் கலந்து கிடந்த அப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தை இந்நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும் முறையும் எழுதப்பட்டிருந்தது. அதன் முதல் விதி, "பஞ்சாங்க மணியுடன் இரண்டு மணி கூட்டுக" என்பது.

பஞ்சாங்கத்தில் கிரகண ஆரம்பம் இரவு 9 மணி 57 நிமிஷம் என்று கண்டிருந்தது. பெரியவர் இரண்டு மணியைக் கூட்டி, "11 மணி 57 நிமிஷத்திற்குப் பிடிக்கும்" என்றார். குறித்த நிமிஷம் வந்தது, சென்றது. மேகத்தினூடே தோன்றிய முழுமதி வட்டங் குறையாமல் நின்றது. கால் மணி நேரம் கழிந்தபின், இருந்தோருள் ஒருவர் பஞ்சாங்கமே பொய் என்றார். மற்றொருவர் அச்சுப்பிழை என்றார். பெரியவரின் பேரன், இடைநிலைப் பள்ளியிற் பயிலும் பையன், ஒன்றும் பேசாமல் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறி நோக்கிக்கொண்டிருந்தான். 12 மணி 27 நிமிஷத்திற்கு மதியின் விளிம்பில் கறை விழுந்தது. "தாத்தா, பஞ்சாங்கமும் சரி, நிலாவும் சரி. புத்தகத்து வரிதான் அரை மணி தப்பு" என்றான்.

அவன் கூற்று முற்றும் உண்மை. அவ்வரி எழுதப்பட்ட நாளில் இந்நாட்டு மணி கிரீனிச் மணிக்கு ஏழரை மணி முற்பட்டு நின்றது. இந்திய மணி ஐந்தரை முற்பட்டது. ஆகவே இரண்டைக் கூட்டுதல் அன்று சரியே. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தீபகற்ப மலேசியாவின் மணி அரை மணி முன் தள்ளப்பட்டு எட்டாயிற்று. நாட்டிலுள்ள கடிகாரமெல்லாம் திருப்பி வைக்கப்பட்டது. இப்புத்தகத்தின் வரி மாத்திரம் நாற்பத்து மூன்று ஆண்டுகளாகத் திருப்பி வைக்கப்படவில்லை.

பையன் பேனாவை எடுத்தான். "அப்பா கையெழுத்து, அடிக்காதே" என்று பெரியவர் தடுத்தார். அவன் நம்மை நோக்கி, "பெரியவர்கள் எழுதி வைத்ததைத் திருத்தலாமா, கூடாதா?" என்று வினவினான். தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அன்று பாக்கி வைத்த விடையே இக்கட்டுரை.

கணக்கிடும் கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு அங்கங்கள் உண்டு. விடைகளைத் தன்னகத்தே அடக்கிய வாய்பாடு ஒன்று. அவ்வாய்பாட்டை எங்கே, எந்த அளவையில், எவ்வாறு எடுத்தாளவேண்டும் என்று உரைக்கும் விதி மற்றொன்று. நம் நாட்டு வானநூலார் கிரகங்களின் நிலையைத் தரும் வாய்பாட்டை வாக்கியம் என்றனர். கணிக்கும் முறையை உரைக்கும் கைநூலைக் கரணம் என்றனர். கி.பி. 1300ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற வாக்கியகரணம் என்னும் நூல் இவ்விரண்டையும் தன் பெயரிலேயே தாங்கியது. 1962இல் குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் அதனைச் சென்னையிற் பதிப்பித்தனர். இன்றும் தமிழர் இல்லங்களில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கம் இவ்வழியில் வந்ததே.

வாக்கியம் எத்தகையது என்பதைச் சிறிது விரித்துரைப்போம். சந்திரன் நாள்தோறும் ஒரே வேகத்திற் செல்வதில்லை. மிக மெதுவாகச் செல்லும் நிலையினின்று புறப்பட்டு, மீண்டும் அந்நிலையை அடைய அதற்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாளாகும். அத்தகைய சுற்று ஒன்பது முடிய 248 நாள். அந்த 248 நாளுக்கும், நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக, சந்திரன் சென்ற தூரம் பாகையிலும் கலையிலும் அமைக்கப்பட்டுளது. வரருசி என்பார் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்களில் எண்கள் எண்களாக இல்லை, எழுத்துக்களாக உள. கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கம். இலக்கங்களை நெட்டுருச் செய்வது கடினம். சொற்களை நெட்டுருச் செய்வது எளிது. எனவே எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஒரு வானநூல் அட்டவணை முழுவதையும் நாவிலே சுமந்து திரியலாம்.

ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. வடமொழியிற் ககர வருக்கம் நான்கும் முறையே 1, 2, 3, 4 ஆகும். தமிழெழுத்திலோ நான்கிற்கும் ‘க’ ஒன்றே. கிரந்தத்தில் எழுதிய வாக்கியத்தை ஒருவன் தமிழெழுத்திற் பெயர்த்து எழுதினானாயின், ஓசை ஏறத்தாழ நிற்கும், எண் போய்விடும். ஏடு பெயர்த்தெழுதுவோன் கைதவறினாலும், ஆசான் வாய் குழறினாலும், ஓரெழுத்து மாறின் சந்திரன் ஒரு பாகையோ பத்துப் பாகையோ இடம் பெயர்ந்துவிடும். சொல்லுக்குப் பொருள் இருத்தலால் பிழையான சொல்லும் சரியான சொல்லைப்போலவே காதில் இனிக்கும்!

இவ்வபாயத்திற்கு மாற்றும் வாய்பாட்டினுள்ளேயே உளது. இதனை அறிந்தபொழுது நாம் உண்மையில் வியந்தோம். முதல் நாள் வாக்கியம் 12 பாகை 3 கலை. கடைசியான 248ஆம் வாக்கியம், முழுச் சுற்றுக்களைத் தள்ளியபின், 27 பாகை 44 கலை. சந்திரன் மெதுவான நிலையிற் புறப்பட்டு மெதுவான நிலையில் முடிதலால், முதல் நாள் எவ்வளவு சென்றதோ அவ்வளவே கடைசி நாளும் செல்லும். ஆகவே 27 பாகை 44 கலையில் 12 பாகை 3 கலையைக் கழித்தால் வரும் 15 பாகை 41 கலையே 247ஆம் வாக்கியமாதல் வேண்டும். இரண்டாம் வாக்கியம் 24 பாகை 9 கலை. ஆதலின் 246ஆம் வாக்கியம் 3 பாகை 35 கலை. இங்ஙனம் முன்னும் பின்னுமாக இணைத்துக் கூட்டினால் ஒவ்வோர் இணையும், ஒரு கலை ஏறக்குறைய, 27 பாகை 44 கலையே காட்டவேண்டும். காட்டாத இணையிற் பிழை இருக்கிறது. ஆசானைக் கேட்க வேண்டுவதில்லை; ஏட்டின் பழமையை ஆராய வேண்டுவதில்லை. கூட்டத் தெரிந்த பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

ஆயினும் இச்சோதனை எழுத்துப் பிழையைத்தான் காட்டும். எழுத்தெல்லாம் சரியாயிருந்தும் வானத்தோடு பொருந்தாது போகும் பிழை வேறு. அதற்குச் சாட்சி புதுச்சேரியில் இருக்கிறது.

1769ஆம் ஆண்டு சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்வதைக் காண லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார் புதுச்சேரிக்கு வந்திருந்தார். மேகம் மறைத்ததால் அவர் வந்த காரியம் கெட்டது. ஆனால் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணங் கணிக்கும் முறையை அவர் கற்றார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணித்தபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவிற் பெயர்பெற்ற மாயர் அட்டவணைப்படி கணித்தபோது 68 வினாடி கூடிற்று. முன்னோர் பெருமை பேசுவோர் மேடைதோறும் எடுத்தோதுவது இது. இதனோடு நிறுத்திவிடுவர்.

நிறுத்தக்கூடாது. 1825ஆம் ஆண்டு சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட கர்னல் வாரன், அதே புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அம்மனிதர் தரையிற் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனத்திலிருந்தே சொல்லி, ஏடும் எழுத்தாணியும் இன்றி, அவ்வாண்டு மே 31ஆம் தேதி இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானநூற் கொள்கை ஒரு சொல்லும் அவர் அறியார் என்றும், நினைவாற்றலாலேயே அனைத்தையும் ஒழுங்குபடச் செய்தார் என்றும் வாரன் எழுதினார். விடை என்னாயிற்று? கிரகணத் தொடக்கம் 4 நிமிஷம் தப்பிற்று. நடு 23 நிமிஷம் எதிர்ப்புறம் தப்பிற்று. முடிவு 52 நிமிஷம் தப்பிற்று. ஆக, கால அளவில் மாத்திரம் 56 நிமிஷம் பிசகு. ஒரு கிரகணத்தில் 41 வினாடியும் மற்றொரு கிரகணத்தில் 56 நிமிஷமும் தவறும் முறையை எவ்வாறு மதிப்பது? முதலாவதன் நுட்பம் பாதி தற்செயல் என்றே நாம் கருதுகிறோம். சோழி பரப்பிய அக்கணிதரை நாம் இகழவில்லை. அவ்வளவு நீண்ட கணக்கைத் தடுமாறாது முடித்த மூளை எளிதன்று. அவர் கையிற் கொடுத்த வாய்பாடுதான் பல நூற்றாண்டாகத் திருத்தம் பெறாதது. அதனைத் திருத்தும் உரிமையும் அறிவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஓதும் கடமை மட்டுமே கொடுக்கப்பட்டது.

திருத்துவது நம் மரபுக்கே விரோதம் என்பாரும் உளர். சரித்திரம் அவர்களுக்கு உடன்படாது. அண்டை நாடாகிய கேரளத்தைப் பாருங்கள். 683ஆம் ஆண்டில் அரிதத்தர் ஆரியபட்டர் கணக்கைத் திருத்திப் பரகிதம் என்னும் முறையை வகுத்தார். பதினான்காம் நூற்றாண்டிற் பிறந்த சங்கமகிராமத்து மாதவர், கலையளவில் நின்ற சந்திர வாக்கியங்களை விகலையளவிற்கு, அதாவது கலையில் அறுபதில் ஒரு பங்கிற்கு, நுட்பமாக்கிப் புதுக்கினார். பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களை நேரிற் கண்டு, பரகிதமும் பிசகுவதைத் தெரிந்து, 1431இல் திருக்கணிதம் என்ற புது முறையை வெளியிட்டார். நீலகண்ட சோமயாஜி, வானத்தைக் கண்டு கணக்கைத் திருத்துவதே ஆசானும் மாணாக்கனும் வழிவழி செய்யத்தக்கது என்று தம் ஜோதிர்மீமாம்சையில் வாதாடினார். திருத்த எண்ணுக்கு அக்காலத்தார் இட்ட பெயர் ‘பீஜம்’, அதாவது விதை. நல்ல பெயர்.

தமிழ்நாட்டில் இவ்வேலையை வெளிப்படையாகக் கையிலெடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். சென்னை நட்சத்திர ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளராயிருந்த அவர், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் இங்கிலாந்தின் ராஜரீக வானநூற் சங்கத்தில் அங்கத்தினரானார். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பது குறித்துப் பொதுஜனங்களுக்காகப் பல பாஷைகளிற் சிறு நூல் வெளியிட்டார். தொலைநோக்கியில் தெரியும் வானத்திற்கும் பஞ்சாங்கத்திற்கும் உள்ள பிணக்கை அவர் நாள்தோறும் கண்டவர். ஆதலின் காட்சிக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, பழைய வாய்பாடுகளைத் திருத்துமாறு பண்டிதர்களை வேண்டினார். 1880இல் காலமானார். வாதம் அவரோடு காலமாகவில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் தேதியும், வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதியும் கொண்டாடப்பட்டது வாசகர்கள் நினைவிலிருக்கும். சனி ஒன்றே, பதினொரு மாத வித்தியாசம்! பரிகாரத்திற்குச் செலவழித்தவர்கள் இருமுறை செலவழித்தார்கள்.

இது நம்மவர்க்கே உரிய குறை என்று தலைகுனிய வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் 1792இல் வெளிவந்த டெயிலர் லாகரிதம் அட்டவணையில் 19 பிழைகள் உள என்று மாலுமிகளின் பஞ்சாங்கம் பட்டியல் வெளியிட்டது. பின்னர் அப்பட்டியலிலே பிழை என்று ஒரு திருத்தம் வந்தது. அத்திருத்தத்திற்கும் திருத்தம் வந்தது; விஷயம் 4 பாகையா 14 பாகையா என்பதே. லார்ட்னர் என்பார் 1834இல் இதனை எழுதி, நாற்பது அட்டவணைப் புத்தகங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிழைகள் மாத்திரம் மூவாயிரத்து எழுநூறு என்று காட்டினார். கை ஓய்ந்து மனம் சலித்த மனிதர் கணக்கிடுவதால் வரும் கேடு இது, யந்திரமே கணக்கிட்டு அச்சுக் கோக்க வேண்டும் என்று பாபேஜ் கனவு கண்டதும் இந்தப் பிழைகளாலேதான்.

பெரியோர் எழுத்திற் பிழை இராது என்பார்க்கு இன்னொன்று கூறுவோம். கும்பகோணத்து ராமானுஜன் 1915இல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையில், தனக்குக் கீழ்ப்பட்ட எவ்வெண்ணினும் மிகுதியான வகுஎண்களையுடைய எண்களை ஆராய்ந்து, அத்தகைய 102 எண்களின் பட்டியலைத் தந்தார். அதில் 293318625600 என்ற எண் விடுபட்டுப்போயிற்று. மற்றொன்று: எண் பிரிவினைகள் குறித்து அவர் ஊகித்த ஒரு விதி 7இன் மூன்றாம் படிக்குப் பொருந்தவில்லை என்பதை, ஹன்ஸ்ராஜ் குப்தா கையாற் கணித்த அட்டவணையில் 243ஆம் எண்ணுக்குரிய விடையைப் பார்த்து, 1934இல் சௌலா கண்டார். 1938இல் வாட்சன் அவ்விதியைத் திருத்தி நிறுவினார். ராமானுஜன் புகழ் இதனால் ஓர் அணுவும் குறைந்ததில்லை. அவர் எழுத்தைக் கணக்காக மதித்தவர்களே அதனைச் சோதித்தார்கள். படமாக மாட்டியவர்கள் சோதிக்கவில்லை.

இனி நம் காலத்திற்கு வருவோம். இன்று சோழியும் இல்லை, லாகரிதப் புத்தகமும் இல்லை, கணிப்பொறி கணக்கிடுகிறது. வர்க்கமூலம், சைன், லாகரிதம் முதலியவற்றைக் கணிக்கும் கட்டளைகளைத் தொகுத்து ‘நூலகம்’ என்கின்றனர். அது வாக்கியம். ஒவ்வொரு கட்டளைக்கும் உபயோகிக்கும் முறை கூறும் குறிப்பு உண்டு. அது கரணம். கட்டளைக்குக் கோணத்தை ரேடியனில் தரவேண்டும். குறிப்போ பாகை என்று தவறாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பாகையின் சைன் அரை. குறிப்பை நம்பி 30 என்று கொடுத்தவனுக்கு ஏறத்தாழ குறை 0.988 என்று விடை வரும். கட்டளையில் பிழையில்லை, கணிப்பொறியில் பிழையில்லை. சுங்கை சிப்புட் புத்தகத்தின் வரியைப்போலக் குறிப்பிலே பிழை. வாய்பாட்டிலேயே பிழை நேர்ந்ததும் உண்டு. 1994இல் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லில், வகுத்தற்குரிய உள்வாய்பாட்டில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்ததை, பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த நைஸ்லி என்ற கணித ஆசிரியர் தம் விடை பிசகியதால் கண்டுபிடித்தார். அக்கம்பெனிக்கு நேர்ந்த செலவு 47 கோடி 50 லட்சம் டாலர்.

பிழையை ஒளிப்பது கைவிடப்பட்டு, அதனை வெளிப்படையாக எழுதிவைப்பது முறையாகிவிட்டதே இக்காலத்தின் சிறப்பு என்று நாம் நினைக்கிறோம். 1964இல் அமெரிக்க அரசாங்க நிறுவனம் அப்ரமோவிட்ஸ், ஸ்டெகன் ஆகிய இருவர் பதிப்பாக வெளியிட்ட கணிதக் கைநூலுக்கு 2010இல் மின்வடிவம் வந்தது. அதன் பிழைத்திருத்தப் பட்டியலில் இன்ன வாய்பாடு இவ்வாறு தவறாயிருந்தது, இன்ன தேதியில் இன்னார் சுட்டினார் என்று பதிகின்றனர். நம்பை முதலிய பொதுக் கணித நூலகங்களில், குறிப்பிலுள்ள ஒரு சொல்லைத் திருத்தவும் எந்நாட்டு மாணவனும் எழுதி அனுப்பலாம்; ஏற்றுக்கொள்ளப்பட்டால் பழைய வரியும், புதிய வரியும், திருத்தியவன் பெயரும் ஒருங்கே நிற்கும். பட்டம் பெற்றிருக்கிறானா, எந்தக் குலத்தவன் என்று எவரும் கேட்பதில்லை. புதுச்சேரிக் கணிதருக்கு மறுக்கப்பட்டது இதுவே.

ஒரு மாதம் கழித்து அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். பையன் இதற்குள் புத்தகத்தின் மற்றொரு விதியையும் பிடித்திருந்தான். திதி முடியும் நேரத்திற்குத்தான் இரண்டரை மணி கூட்டவேண்டும், ராகுகாலத்திற்குக் கூட்டக்கூடாது, அது அவ்வவ்வூர்ச் சூரியோதயத்தைப் பற்றியது, இங்கே சூரியன் ஏறத்தாழ ஏழேகால் மணிக்கு உதிக்கிறது என்றான். ராகுகாலத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் நம்புகிறவர்கள் இத்தனை ஆண்டும் தவறான ஒன்றரை மணி நேரத்திற்கு அஞ்சிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டுப் பெரியவரே சிரித்துவிட்டார்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். தகப்பனார் வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் கீழ்ப் பையன் கையெழுத்தில், "மேற்கண்ட விதி 31-12-1981 வரை. 1-1-1982 முதல் 2 மணி 30 நிமிஷம் கூட்டுக. 7-9-2025 கிரகணத்திற் பார்த்தது" என்று எழுதியிருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதனை இருமுறை படித்தார். "ஜப்பான்காரன் காலத்தில் இங்கே டோக்கியோ மணி நடந்ததென்று அப்பா சொல்வாரே. அதை விட்டுவிட்டாயே" என்று கூறிப் பேரனிடமிருந்து பேனாவை வாங்கி, மூன்றாவது வரியைத் தாமே எழுதத் தொடங்கினார்.